கடல் தாண்டாத டாலர்

காரைக்குடிப் பக்கத்தில் பனையோலைக் கொட்டான் பின்னும் ஒரு பெண்ணுக்கு அமெரிக்காவிலிருந்து ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கொட்டான், மொத்தம் 40 டாலர். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று டாலருக்கு 90 ரூபாய் போட்டால் 3,600 ரூபாய் ஆகிறது. வாங்குகிறவர் தன் வங்கிக்குப் போய் முழுத் தொகையையும் அனுப்பிவிடுகிறார். இங்கே கணக்கில் ஏறுவது 1,865 ரூபாய். யாரும் திருடவில்லை, யாரும் சட்டத்தை மீறவும் இல்லை. கொட்டானின் விலையில் ஏறக்குறைய பாதி, வழியிலேயே கரைந்துவிட்டது.

இந்தத் தொகைகள் நான் வழக்கமான கட்டண அளவுகளை வைத்துப் போட்டவை. கூட்டலும் கழித்தலும் பின்னால் வருகிறது. அதற்கு முன், ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பார்ப்பது நல்லது. மின்னஞ்சல் இலவசமாகப் போகிறது, காணொளி அழைப்பு இலவசமாகப் போகிறது. ஒரு எண்ணை ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு அனுப்ப மட்டும் எதற்கு ஆயிரத்து எழுநூறு ரூபாய்?

பணம் ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடம் போய்ச் சேர்வதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டுப் பணத்தில் அப்படி எதுவும் எங்கும் போவதில்லை. அமெரிக்காவில் ஒரு கணக்கில் 40 டாலர் குறைகிறது. காரைக்குடியில் ஒரு கணக்கில் ஏதோ ஒரு தொகை கூடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பவை பேரேடுகளும், ஒரு பேரேட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் செய்திகளும்தான். டாலர் கடைசிவரை அமெரிக்காவை விட்டு நகர்வதே இல்லை.

காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டுக்கு இது புதிய சங்கதி அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தினர் ரங்கூன், மோல்மீன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன் என்று கடை வைத்திருந்தார்கள். ரங்கூன் கடையில் ஒருவர் பணம் கட்டினால் உண்டியல் எழுதிக் கொடுப்பார்கள். ஊரில் அதைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளலாம். நாணயம் கப்பல் ஏறாது. அங்கே ஒரு வரவு, இங்கே ஒரு பற்று. மீதியைப் பின்னால் நேர்செய்துகொள்வார்கள். அதே முறை இன்று அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி செல்லாது. ஆனால் வங்கிகள் இன்று செய்வதும் அடிப்படையில் அதைத்தான். வித்தியாசம், நகரத்தாருக்கு இரு முனையிலும் தங்கள் ஆள் இருந்தார், வங்கிகளுக்கு இல்லை.

இல்லாததால்தான் சங்கிலி உண்டாகிறது. நம் ஊர் வங்கி நியூயார்க்கில் ஏதோ ஒரு பெரிய வங்கியில் டாலர் கணக்கு வைத்திருக்கும். இதற்கு நாஸ்ட்ரோ கணக்கு என்று பெயர். வாங்குகிறவரின் வங்கி சிறியதாக இருந்தால், அது இன்னொரு பெரிய வங்கியை நம்பியிருக்கும். ஆக, சிறிய வங்கி பெரிய வங்கியிடம் சொல்லி, அது நம் வங்கியின் நாஸ்ட்ரோ இருக்கும் வங்கியிடம் சொல்லி, அது மும்பையிலோ சென்னையிலோ இருக்கும் நம் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவிடம் சொல்லி, கடைசியில் கிளைக்கு வருகிறது. நான்கைந்து பேரேடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பதிவு, ஒரு சோதனை, பல நேரம் ஒரு கழிவு.

இந்த வங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலைதான் ஸ்விஃப்ட். 1973இல் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் சேர்ந்து பெல்ஜியத்தில் தொடங்கியது. 1977இல் முதல் செய்தி போனது. அதுவரை டெலக்ஸ்தான். இன்று 200க்கு மேற்பட்ட நாடுகளில் 11,000க்கு மேற்பட்ட நிறுவனங்கள் இதில் இருக்கின்றன. ஸ்விஃப்டில் பணம் அனுப்பினேன் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது, ஆனால் ஸ்விஃப்ட் ஒரு ரூபாயைக்கூடக் கையால் தொடுவதில்லை. அது செய்தி மட்டுமே கொண்டுபோகும். அந்தச் செய்தியை நம்பிப் பேரேட்டில் எழுதுவது வங்கிகளின் வேலை.

செய்தி அனுப்பச் செலவு மிகக் குறைவு. நம்புவதற்குத்தான் செலவு.

ஒவ்வொரு வங்கியும், அனுப்புகிறவர் பெயரையும் பெறுகிறவர் பெயரையும் தடைசெய்யப்பட்டோர் பட்டியல்களோடு ஒப்பிட்டாக வேண்டும். பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தால் பிரச்சினையில்லை. ஆனால் பெயர்கள் ஆங்கில எழுத்துகளில் எழுதப்படுகின்றன; ஒரே லட்சுமியைப் பத்து விதமாக எழுதலாம். எனவே மென்பொருள், இரண்டு பெயர்கள் எவ்வளவு நெருக்கமானவை என்று அளந்து பார்க்கிறது. இதற்கான அளவுகோல்களில் பிரபலமானது, சோவியத் கணிதவியலாளர் விளாதிமீர் லெவென்ஷ்டைன் 1965இல் முன்வைத்த திருத்தத் தூரம். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்துகளை மாற்ற, சேர்க்க, நீக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. லட்சுமியை ஆங்கிலத்தில் கே, எஸ், எச் போட்டு எழுதுவதற்கும் எக்ஸ் போட்டு எழுதுவதற்கும் இடையே தூரம் 3: ஓர் எழுத்தை மாற்ற வேண்டும், இரண்டை நீக்க வேண்டும். ஒலியை வைத்து ஒப்பிடும் சவுண்டெக்ஸ் போன்ற முறைகளும் உண்டு. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்த முறை ஆங்கிலப் பெயர்களின் ஓசையை மனதில் வைத்துச் செய்தது; நம் பெயர்கள் அதில் கண்டபடி கலந்துபோகும். தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பது வேறு குழப்பம்.

தூரம் குறைவாக இருந்தால் மென்பொருள் மணியடிக்கும். அடிக்கிற மணிகளில் மிகப் பெரும்பாலானவை வெற்று மணிகள்தான். ஆனாலும் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்து, இவர் அவரில்லை என்று எழுதி, கையெழுத்திட வேண்டும். 40 டாலருக்கும் 40,000 டாலருக்கும் அவர் செலவிடும் நேரம் ஒன்றுதான். தவறினால் வங்கி கட்ட வேண்டிய அபராதம் மட்டும் கட்டண வருமானத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு. இந்த வியாபாரமே வேண்டாம் என்று பல வங்கிகள் சிறிய நாடுகளோடு இருந்த நாஸ்ட்ரோ உறவுகளை அறுத்துக்கொண்டன. 2011க்கும் 2018க்கும் இடையில் உலக அளவில் இப்படிப்பட்ட தொடர்பு வங்கிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று பன்னாட்டுத் தீர்வு வங்கி கணக்கெடுத்தது. உறவுகள் குறைந்தால் சங்கிலி நீளும்.

ஆகவே செலவு தொகையைப் பொறுத்தது அல்ல, தூரத்தைப் பொறுத்ததும் அல்ல. பேரேடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆட்டோவில் ஏறி அடுத்த தெருமுனையில் இறங்கினாலும் மினிமம் சார்ஜ் கொடுத்தாக வேண்டும் அல்லவா, அதே நியாயம். சிறு வியாபாரி எப்போதும் அடுத்த தெருமுனையில் இறங்குகிறவர்.

இப்போது, வழியில் கரைந்த அந்த 1,735 ரூபாய். நடுவழி வங்கிகள் 15 டாலர் எடுத்துக்கொண்டதாகக் கொண்டேன், 1,350 ரூபாய். மிச்சம் 25 டாலர். இதை நம் வங்கி ரூபாயாக மாற்றும்போது சந்தை விலையான 90 தராது. சிறு தொகைக்கு 2 விழுக்காடு குறைத்து 88 ரூபாய் 20 காசு தந்ததாக வைத்தால் அதில் 45 ரூபாய் போகிறது. மாற்றியதற்கு ஜிஎஸ்டி 45 ரூபாய். உள்வரவுக் கட்டணம் 150 ரூபாய், பணம் வந்ததற்கான சான்றிதழுக்கு 100 ரூபாய், இரண்டுக்கும் 18 விழுக்காடு வரி சேர்த்து 295. கூட்டினால் 1,735.

ஜிஎஸ்டி 45 ரூபாய் என்பது நான் ஊகித்த எண் அல்ல. நாணய மாற்றுச் சேவையின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று ஜிஎஸ்டி விதி 32 சொல்கிறது. வங்கிகள் பெரும்பாலும் பின்பற்றும் வழியில், ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் அதில் ஒரு விழுக்காடு சேவையின் மதிப்பு. ஆனால் அது 250 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 250க்கு 18 விழுக்காடு 45. அதாவது 25,000 ரூபாய் மாற்றுகிறவரும் 2,205 ரூபாய் மாற்றுகிறவரும் அதே 45 ரூபாய் வரி கட்டுகிறார்கள். வங்கிக் கட்டணத்தில் மட்டுமல்ல, வரி விதியிலும் மினிமம் சார்ஜ் உட்கார்ந்திருக்கிறது. இதை யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்; 2,205 ரூபாய் ஏற்றுமதி என்று ஒன்று உண்டு என்பதே விதி எழுதியவர்களின் நினைவுக்கு வந்திருக்காது.

இதே பாதையில் 1,000 டாலர் வந்தால் என்ன ஆகும்? 985 டாலர் மாற்றப்பட்டு, வரியும் கட்டணமும் போகக் கையில் 86,426 ரூபாய் கிடைக்கும். 90,000இல் இழப்பு 3,574. நூற்றுக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. கவனிக்க வேண்டியது, இழப்பின் உள்ளடக்கம் மாறிவிட்டது. 40 டாலரில் நாணய மாற்று இழப்பு வெறும் 45 ரூபாய். நிலையான கட்டணங்கள்தான் ஆளைக் கொன்றன. 1,000 டாலரில் பாதி இழப்பு, 1,773 ரூபாய், நாணய மாற்றில் போகிறது. அதற்கு ரசீதும் கிடையாது. கட்டணம் இல்லாமல் பணம் பெறலாம் என்று விளம்பரம் வந்தால், மாற்று விகிதத்தில் கைவைத்திருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்படுவது நல்லது. கண்டுபிடிப்பது சுலபம். அன்றைய சந்தை விலையிலிருந்து அவர்கள் தரும் விலையைக் கழித்து, சந்தை விலையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். சந்தை விலைக்கு எஃப்பிஐஎல் என்ற அமைப்பு ஒவ்வொரு வேலைநாளும் வெளியிடும் குறிப்பு விகிதம் இருக்கிறது. வங்கியில் கேட்கும்போது டிடி பையிங் ரேட், அதாவது வங்கி டாலரை வாங்கும் விலை, என்ன என்று கேளுங்கள். சும்மா டாலர் ரேட் என்று கேட்டால் வேறு எதையாவது சொல்வார்கள்.

வங்கி வேண்டாம், கார்டு வழியாகவோ பேபால் போன்ற பணப்பை வழியாகவோ வாங்கினால்? இவற்றின் கட்டணம் பெரும்பாலும் விழுக்காட்டில் இருக்கும், கூடவே சில காசுகள். 4.5 விழுக்காடும் 30 சென்ட்டும் கட்டணம், நாணய மாற்றில் 3.5 விழுக்காடு குறைவு என்று வைத்துக்கொள்வோம். 40 டாலருக்குக் கையில் கிடைப்பது 3,292 ரூபாய். இழப்பு 308. முன்பு 1,735 போன இடத்தில் இது பெரிய நிம்மதி. ஆனால் 1,000 டாலருக்கு இதே வழியில் 7,000 ரூபாய்க்கு மேல் போய்விடும், வங்கி வழியைப்போல இரு மடங்கு.

இரண்டு கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பள்ளிக்கூட இயற்கணிதத்தில் கண்டுபிடித்துவிடலாம். வங்கி வழியில் இழப்பு ஏறத்தாழ 1,663 ரூபாயும் தொகையில் 2 விழுக்காடும். கார்டு வழியில் 26 ரூபாயும் தொகையில் 7.84 விழுக்காடும். இரண்டும் சமமாகும் இடம் சுமார் 28,000 ரூபாய், 310 டாலர். அதற்குக் கீழே கார்டு மேல், அதற்கு மேலே வங்கி மேல். உங்கள் வங்கியின் எண்களைப் போட்டால் புள்ளி கொஞ்சம் நகரும். 200 டாலராகலாம், 400 ஆகலாம். ஆனால் அப்படி ஒரு புள்ளி நிச்சயம் இருக்கிறது. கைவினைப் பொருள் விற்கிற பெரும்பாலோர் அதற்கு இடப்பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

கார்டுக்கு ஒரு வால் உண்டு. வங்கி வழியாக வந்த பணத்தை எளிதில் யாரும் திரும்பக் கேட்க முடியாது. கார்டில் கட்டியவர் பொருள் வரவில்லை, உடைந்து வந்தது என்று மாதக்கணக்கில் கழித்தும் சொல்லலாம். பணம் திரும்பப் போகும், கூடவே தகராறுக் கட்டணமும். தபால் கண்காணிப்பு எண்ணும் பொதி கட்டும்போது எடுத்த படமும் இருந்தால் வாதாடலாம், இல்லாவிட்டால் முடியாது.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதன் கதை சுவையானது. லண்டனில் இரண்டு எஸ்தோனியர்கள். தாவெத் ஹின்ரிகுஸ் ஸ்கைப்பில் வேலை செய்து யூரோவில் சம்பளம் வாங்கினார். லண்டனில் வாழப் பவுண்டு வேண்டும். கிறிஸ்தோ கார்மன் பவுண்டில் சம்பாதித்தார். ஊரில் வீட்டுக் கடனுக்கு யூரோ கட்ட வேண்டும். இருவரும் வங்கியில் இழந்துகொண்டிருந்தார்கள். பிறகு, கிறிஸ்தோ தன் பவுண்டைத் தாவெத்தின் லண்டன் கணக்கில் போடுவது, தாவெத் தன் யூரோவைக் கிறிஸ்தோவின் எஸ்தோனியக் கணக்கில் போடுவது என்று வைத்துக்கொண்டார்கள், அன்றைய சந்தை விலைக்கே. எல்லை தாண்டிய பரிமாற்றமே நடக்கவில்லை. 2011இல் அதையே நிறுவனமாக்கினார்கள். இன்று அதன் பெயர் வைஸ். ரங்கூன் கடையில் கணக்கெழுதிய ஆள் ஒருவர் இதைக் கேட்டிருந்தால், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார்.

எதிரெதிராகப் போகும் தொகைகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் தீர்ப்பது, இதுதான் அந்தச் சூத்திரம். இந்தியாவுக்கு வரும் பணத்தில் அது முழுதாகச் செல்லுபடியாகாது. 2024இல் மட்டும் வெளிநாட்டிலிருந்து இந்தியர்கள் அனுப்பிய தொகை சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது; எதிர்த்திசையில் அவ்வளவு போவதில்லை. ஆனாலும் ஆயிரம் பேரின் 40 டாலரை ஒன்றாகக் குவித்து ஒரே தடவையில் ரூபாய் வாங்கினால், நிலையான செலவு ஆயிரமாகப் பிரிந்துவிடும். பேயோனியர் முதல் இந்தியாவின் புதிய நிறுவனங்கள் வரை உள்ளூர்க் கணக்கு எண் தருகிறவர்கள் எல்லாம் இதைத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் உங்கள் பெயருக்கு ஒரு கணக்கு எண், பிரிட்டனில் ஒன்று. வாங்குகிறவருக்கு அது உள்நாட்டுப் பரிமாற்றம், பெரும்பாலும் செலவில்லை. இங்கே உங்களுக்கு நெஃப்டிலோ ஐஎம்பிஎஸ்ஸிலோ வருகிறது. நடுவில் இருந்த நாலு பேரேடுகள் ஒன்றாகிவிட்டன. ஒரு விழுக்காடு மட்டும் கட்டணம் என்றால் அந்த 40 டாலருக்கு இழப்பு 40 ரூபாயை ஒட்டித்தான். சில நிறுவனங்கள் விழுக்காடு வேண்டாம், பரிவர்த்தனைக்கு இத்தனை டாலர் என்று ஒரே தொகையாக வாங்கும். மென்பொருள் நிறுவனங்களுக்கு அது லாபம். கொட்டான் விற்கிறவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

இவ்வளவு சுற்று எதற்கு, சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர் அங்குள்ள உடனடிப் பரிமாற்ற முறையான பேநவ்வில் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2023 பிப்ரவரி 21 அன்று யுபிஐயும் பேநவ்வும் இணைக்கப்பட்டன. நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை சில நொடிகளில் வந்துசேரும். ஆனால் அது ஆளுக்கு ஆள் அனுப்பும் குடும்பப் பணத்துக்கும் அன்பளிப்புக்கும் உரியது. சரக்கு விற்ற காசுக்கு அல்ல. வெஸ்டர்ன் யூனியன் போன்றவை இயங்கும் எம்டிஎஸ்எஸ் திட்டமும் அப்படியே: தனிநபர்ப் பணம் மட்டும், ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஆண்டுக்கு 30 தடவை. கிரிப்டோ நாணயத்தில் வாங்கலாம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். ஏற்றுமதிப் பணம் அங்கீகரிக்கப்பட்ட வங்கி வழியாக வர வேண்டும் என்பது சட்டம். தவிர, இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, விற்கும்போது ஒரு விழுக்காடு பிடித்தம். சேமித்ததெல்லாம் அதில் போய்விடும்.

வங்கிப் படிவத்தில் பர்ப்பஸ் கோடு என்று ஒரு கட்டம் இருக்கும். எதற்காக இந்தப் பணம் வந்தது என்று ரிசர்வ் வங்கிக்குச் சொல்லும் குறியீடு அது. பொருள் அனுப்பும் முன் முன்பணமாக வாங்கினால் பி0103. அனுப்பிய பிறகு பில்லுக்கு வசூலானால் பி0102. அவசரத்தில் பலர் பி1301 என்று போட்டுவிடுகிறார்கள். அது குடும்பச் செலவுக்கு வெளிநாட்டு இந்தியர் அனுப்பும் பணத்துக்கான குறியீடு. வந்த பணம் வந்துவிடும். ஆனால் ஏற்றுமதி செய்தேன், பணம் வந்தது என்று காட்ட ஆதாரம் போய்விடும். ஏற்றுமதிக்காகப் போட்ட தபால் பில்லும் வந்த பணமும் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புக் கணினியில் ஒன்றோடொன்று சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும். ஜிஎஸ்டி திரும்பப் பெறுவதும் தகராறாகும்.

ரிசர்வ் வங்கி இந்தச் சிறு ஏற்றுமதியை மெதுவாகத்தான் புரிந்துகொண்டது. 2010 நவம்பரில் இணையப் பணவாயில்கள் வழியாக ஏற்றுமதிப் பணம் வாங்க முதலில் அனுமதித்தபோது வரம்பு 500 டாலர். அடுத்த ஆண்டு 3,000, 2013இல் 10,000. 2023 அக்டோபர் 31 அன்று முறையையே மாற்றி, எல்லை தாண்டிய பேமெண்ட் அக்ரிகேட்டர் என்று தனி உரிமம் கொண்டுவந்தது. ஒரு பொருளுக்கு 25 லட்சம் ரூபாய் வரை வாங்கலாம் என்று அப்போது வரம்பு வைத்தது. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கும் முன் அதன் பெயரோ, அதன் இந்தியக் கூட்டாளியின் பெயரோ அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

2025 அக்டோபர் 1 அன்று வந்த சுற்றறிக்கை இன்னும் முக்கியம், ஆனால் கிளைகளில் பலருக்கு இன்னும் தெரியவில்லை. 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட ஏற்றுமதிப் பில்களை, பணம் வந்துவிட்டது என்று ஏற்றுமதியாளர் கொடுக்கும் உறுதிமொழியை வைத்தே வங்கி கணக்கு முடிக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பில்களுக்கும் சேர்த்து ஒரே உறுதிமொழி போதும். சிறு ஏற்றுமதிக்கு வாங்கும் கட்டணங்களை வங்கிகள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. ஏற்றுமதிப் பணம் வந்துசேரும் கெடுவும் அதே ஆண்டு நவம்பரில் 9 மாதத்திலிருந்து 15 மாதமாக நீண்டது. சரக்கு அனுப்பும் பக்கத்தில், 2022இலிருந்து அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரங்கள் ஏற்றுமதித் தபால் பில்லை இணையத்திலேயே போட உதவுகின்றன. இதற்கெல்லாம் முன்தேவை, ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐஇசி எண். 500 ரூபாய் கட்டினால் வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் தளத்தில் கிடைக்கும், பான் எண்ணேதான் அந்த எண்.

வழி எதுவானாலும் ஓர் உத்தி எல்லாவற்றிலும் வேலை செய்கிறது: தொகைகளைச் சேர்ப்பது. பத்துப் பேருக்குத் தனித்தனியே 40 டாலருக்கு விற்றுக் கார்டில் வாங்கினால் இழப்பு 3,080 ரூபாய். ஒரே சிறு கடைக்காரருக்குப் பத்து செட்டையும் விற்று 400 டாலரை வங்கியில் வாங்கினால் 2,400 ரூபாய். நூற்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. எட்ஸி போன்ற சந்தைத் தளங்கள் விற்றதையெல்லாம் சேர்த்து மொத்தமாக அனுப்புவதில் இந்த நன்மை ஒளிந்திருக்கிறது, அவர்கள் எடுக்கும் கமிஷன் தனிக்கதை என்றாலும். வெளிநாட்டில் வாங்குகிறவர் வங்கியில்தான் அனுப்புவேன் என்று பிடிவாதம் பிடித்தால், கட்டணக் கட்டத்தில் ஓ.யு.ஆர். என்பதைக் குறிக்கச் சொல்லுங்கள், வழிச்செலவு அவருடையதாகும். எஸ்.எச்.ஏ. என்றால் இருவருக்கும் பங்கு, பி.இ.என். என்றால் முழுதும் உங்கள் தலையில்.

வருங்காலத்தில் இந்தச் சங்கிலியே போய்விடுமா? அதற்கான முயற்சிகளில் எனக்கு நம்பிக்கை தருவது நெக்ஸஸ் என்ற திட்டம். நாடுகளின் உடனடிப் பரிமாற்ற முறைகளை இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டு போனால், 60 நாடுகளுக்கு 1,770 இணைப்புகள் வேண்டும். நடுவில் ஒரு மையம் வைத்தால் 60 போதும். மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவற்றோடு இந்தியாவும் சேர்ந்து 2024 ஜூன் 30 அன்று பாசலில் இதற்கு ஒப்பந்தம் போட்டது. சிறு பரிமாற்றங்களின் சராசரிச் செலவை 2027க்குள் ஒரு விழுக்காட்டுக்குள் கொண்டுவருவோம் என்று ஜி20 நாடுகளும் சொல்லியிருந்தன. அந்த இலக்கு குறித்த காலத்துக்குள் எட்டப்படுவது கடினம் என்றே இப்போது தெரிகிறது.

அதுவரை 300 டாலருக்குக் கீழான ஆர்டருக்கு வாங்குகிறவரிடம் உங்கள் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீட்டைக் கொடுக்காதீர்கள். எந்த வழியில் வாங்கினாலும் முதல் தடவை ஒரு சிறு தொகையை வரவழைத்து, கையில் எத்தனை ரூபாய் கிடைத்தது என்று எழுதி வையுங்கள். கட்டண அட்டவணையைவிட அந்த ஒரு எண் அதிகம் சொல்லும். பணம் வந்ததற்கான சான்றிதழை வங்கி தர மறுத்தாலோ, சொல்லாத கட்டணம் பிடித்தாலோ எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாக முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.